ஜிலேபி மீனுக்குச் செக்கிங்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் தமிழ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என்னைத் திருப்பூருக்கு அனுப்ப அந்தத் தகுதி போதும் என்று முடிவானது. "உங்கள் ஊர்தானே" என்றார் தலைவர். என் ஊர் மலேசியாவில் இருக்கும் பட்டர்வொர்த். தினமும் பாலத்தைத் தாண்டிப் பினாங்குக்கு வேலைக்கு வருகிறவள். எங்கள் முன்னோர் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. விசாரிக்க யாருக்கும் நேரமும் இருந்ததில்லை. இதையெல்லாம் சீனரான அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் டிக்கெட் வந்துவிட்டது.

போன காரியம் மீன். நாங்கள் திலாப்பியா என்கிற மீனைத் தமிழ்நாட்டில் ஜிலேபிக் கெண்டை என்கிறார்கள். அதன் டிஎன்ஏ, நான்கே எழுத்துகளில் எழுதிய மிக நீளமான ஒரு வரி. எங்கள் கூடத்து இயந்திரம் அந்த வரியைத் துண்டு துண்டாகப் படிக்கும். எந்தக் குணம் அந்த வரியில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று குறிப்பதைத்தான் நாங்கள் வரைபடம் என்று சொல்லிக்கொள்கிறோம். எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு குணம்: உப்புத் தண்ணீரில் சாகாமலிருப்பது.

அதற்கு ஒரே தாய்க்கும் ஒரே தகப்பனுக்கும் பிறந்த பிள்ளைகள் ஏராளமாக வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் அடுத்த குடும்பத்தோடு கலக்காமல் தனியாக வளர வேண்டும். கடைசியில் எந்தக் குடும்பத்தில் எத்தனை பிழைத்தன என்று பார்த்து, பிழைத்த ஒவ்வொன்றின் வாலிலும் நகக்கண் அளவு வெட்டி, ஸ்பிரிட்டில் போட்டு எடுத்துவர வேண்டும். அப்படி ஆறு குடும்பங்கள், குண்டடத்துப் பக்கம் ஒருவருடைய குட்டையில் ஆறு வலைக்கூண்டுகளில் வளர்ந்துகொண்டிருந்தன. அங்கே ஆழ்குழாய்த் தண்ணீர் நல்ல உப்பு. குஞ்சுகளை விட்டவரும் அனுமதிக் காகிதங்களைப் பார்த்துக்கொண்டவரும் உள்ளூர்ப் பேராசிரியர் ஒருவர். நான் போய் இறங்கிய வாரம் அவர் ஏதோ கூட்டத்துக்காக டில்லி போய்விட்டார். எல்லாம் தயாராக இருக்கும், கவலைப்பட வேண்டாம் என்று போனில் சொன்னார். அதற்குப் பிறகுதான் கவலைப்பட ஆரம்பித்தேன்.

பழைய பஸ் ஸ்டாண்டில் எங்கள் பனியன் கம்பெனியின் வெள்ளை வேன் நிற்கும், ஏறிக்கொள்ளுங்கள் என்று குட்டைக்காரர் சென்னியப்பன் சொல்லியிருந்தார். வெள்ளை வேன் நிற்கத்தான் செய்தது. அதற்குப் பின்னால் இன்னொரு வெள்ளை வேன் நின்றது. எதிர்ப்பக்கம் ஒரு வரிசையே நின்றது. திருப்பூரில் காலை நேரத்தில் மனிதர்கள் நடப்பதில்லை. வேன்களில் அள்ளிக்கொண்டு போகப்படுகிறார்கள். முதல் வேனின் டிரைவரிடம் "கம்பெனிக்குத்தானே?" என்று கேட்டேன். ஆமாங்க என்றார். நானும் ஏறினேன். எல்லா வேனும் கம்பெனிக்குத்தான் போகிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இறங்கிய இடம் பெரிய பனியன் கம்பெனி. என் கையில் ரப்பர் கையுறைகள், கழுத்தில் ஆய்வுக்கூட அட்டை, பையில் மலேசிய விமானச் சீட்டு. மேனேஜர் ஓடி வந்தார். வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவர்கள், தொழிற்சாலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் ஆடிட்டர் அனுப்புவார்களாம். நான்தான் அந்த ஆடிட்டர் என்று அவர் முடிவு செய்துவிட்டார். மீன் பார்க்க வந்தேன் என்றேன். கேன்டீனைக் காட்டினார். தீயணைப்பு வாளிகள், முதலுதவிப் பெட்டி, கழிவறை என்று வரிசையாகக் காட்டிக்கொண்டே போனார். நான் எதையும் குறை சொல்லாதது அவருக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

கழிவறை வாசலில் இரண்டு வடநாட்டுப் பையன்கள் நின்றார்கள். சினிமா பார்த்த அளவுக்கு எனக்கு இந்தி புரியும். "சோப்பு வைத்திருக்கிறார்கள், போய்க் கை கழுவிக்கொண்டு வா" என்றான் ஒருவன். "மத்தியானம் கழுவிக்கொள்கிறேன்" என்றான் மற்றவன். "மத்தியானம் இந்த அம்மா போய்விடுவாள்" என்றான் முதலாமவன்.

ஒரு மணி நேரம் கழித்துச் சென்னியப்பன் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, பையில் பேனாவோடு சுருட்டி வைத்த இஞ்சு டேப். "மன்னிச்சுக்கோங்க மேடம். வெள்ளை வேனைப் போன மாசமே வித்துப்போட்டமுங்க. இப்ப நம்மளுது பச்சைங்க. பழக்கத்துல சொல்லிப்போட்டேன்" என்றார். பச்சை வேன் அந்தப் பஸ் ஸ்டாண்டில் ஒன்றே ஒன்றுதான் நின்றிருக்கிறது. நான் அதைப் பார்த்தேன், நல்ல நிறம் என்றுகூட நினைத்தேன்.

திருப்பூரில் ஒரு பனியனைப் பல பேர் பங்கு போட்டுக்கொண்டு செய்கிறார்கள். ஒருவர் நூலைத் துணியாக்குகிறார், ஒருவர் சாயம் போடுகிறார், ஒருவர் தைக்கிறார். சென்னியப்பனுக்கு வந்து சேர்வது கடைசிப் பங்கு: செக்கிங், பேக்கிங். தையல் விட்டது, கறை பட்டது, அளவு கோணியது எல்லாவற்றையும் பொறுக்கித் தனியே போட வேண்டும். அதற்குச் செகண்ட்ஸ் என்று பெயர். மற்றதை ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்எல் என்று பிரித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். தன் கையிலிருந்து போன பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று வழியிலேயே சொல்லிவிட்டார். வீட்டு வாசலில் செருப்புகள் அளவு வாரியாக நின்றன. என் செருப்பை நான் கழற்றிய இடத்திலிருந்து எடுத்து, அவர் மனைவியின் செருப்புக்கும் அவர் செருப்புக்கும் நடுவே வைத்தார்.

மனைவி சரஸ்வதி கம்பெனிக் கணக்கைப் பார்க்கிறவர். மீனை நம்பாதவர். இரவுச் சாப்பாட்டுக்கு அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோறு, நெய், கொள்ளு ரசம். மீன் பண்ணைக்காரர் வீடாயிற்றே என்று நான் இலையின் மேல் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "புரட்டாசிங்க, ஊட்டுல கவுச்சி இல்லீங்க" என்றார் சென்னியப்பன். பட்டர்வொர்த்திலும் புரட்டாசி உண்டு. ஆராய்ச்சிக்கு விலக்கு இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அவ்வளவு நன்றாக இருந்தது.

சரஸ்வதி சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். அமெரிக்காவில் வங்கிகள் விழுந்துகொண்டிருந்த சமயம் அது. இங்கே ஆர்டர் குறைந்துகொண்டிருந்தது. குண்டடத்து நிலத்தில் தென்னை பட்டுப் போய்விட்டது. மிச்சமிருப்பது குட்டைதான். அந்த இடத்தில் கறிக்கோழி வளர்க்கும் செட் போட ஒரு கோழிக் கம்பெனிக்காரர் கேட்டிருக்கிறார். கணவர் ஒரு வருடமாகத் தவணை கேட்டு இழுத்துக்கொண்டிருக்கிறார்.

"உங்க ஆராய்ச்சி முடிஞ்சு, இந்தத் தண்ணிக்குச் சாகாத மீன் இதுதான்னு காட்டிக் குடுத்தாக் குட்டை இருக்கட்டும் கண்ணு. நாங்க அதையே பெருக்கிக்கறோம். இல்லீன்னா தை பொறந்ததும் மூடிப்போட்டு செட்டுப் போட்டுருவோம். அவருகிட்டயும் சொல்லிப்போட்டேன்" என்றார்.

சென்னியப்பன் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "எல்லாம் ரெடி பண்ணி வெச்சிருக்கறேன் மேடம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பச்சை வேனில் குண்டடம் போனோம். பல்லடம் தாண்டும்வரை முன்னாலும் பின்னாலும் கோழி லாரிகள். எங்கள் ஊரில் லாரிக்குப் பின்னால் போனால் புகை வரும். இங்கே இறகு வருகிறது. சரஸ்வதி ஒவ்வொரு லாரியையும் கணவருக்குக் கேட்கிற மாதிரி எண்ணிக்கொண்டே வந்தார். அதற்கப்புறம் வெட்டவெளி, காற்று, ஆங்காங்கே காற்றாலைகள். காற்று இவ்வளவு கிடைக்கிற ஊரில் பகலில் பாதி நேரம் கரண்ட் இல்லை. ஏன் என்று கேட்டேன். அது வேற டிபார்ட்மென்ட்டுங்க என்றார் டிரைவர்.

குட்டை சுத்தமாக இருந்தது. நான் எதிர்பார்த்ததைவிட மிகச் சுத்தமாக இருந்தது. ஆறு கூண்டுகளில் இரண்டு கழுவிக் காயப்போடப்பட்டுக் கரையில் கிடந்தன. மற்ற நான்கிலும் வெள்ளைப் பனியன் துணியில் கொடி கட்டியிருந்தது. ஒவ்வொரு கொடியிலும் எழுத்து: எஸ், எம், எல், எக்ஸ்எல்.

"சனிக்கிழமை நம்ம செக்கிங் செக்‌ஷன் மொத்தமும் வந்துதுங்க. அளவுப் பலகை வெச்சு, ஒண்ணுவிடாமப் பிரிச்சுப்போட்டமுங்க. முன்னால பாத்திருந்தீங்கன்னா ஒரே கூண்டுல பெருசும் சிறுசுமாக் கெடந்துதுங்க, பாக்கவே அசிங்கமா" என்றார் சென்னியப்பன்.

நான் குட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கரையில் ஒரு கொக்கும் நின்றது. ஆறு கூண்டு மீனையும் முதலில் ஒன்றாகக் கலந்தீர்களா என்று கேட்டேன். எல்லாவற்றையும் கொட்டிக் கலந்தால்தானே சைஸ் பிரிக்க முடியும் என்று அவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். குடும்பங்களைக் கலக்கக் கூடாது என்று பேராசிரியர் சொல்லவில்லையா என்றேன். கூண்டுகளைக் கலக்கக் கூடாது என்று சொன்னாராம். அதனால்தான் கூண்டுகளைத் தனித்தனியாகக் கழுவி வைத்திருக்கிறார்.

அவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. ஒவ்வொரு கூண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றும், எது யாருடைய பிள்ளை என்று இனி பார்வையில் தெரியாது என்றும், அது தெரியாவிட்டால் வரைபடம் இல்லை என்றும் சொன்னேன். எத்தனை மெதுவாகச் சொன்னாலும் அதன் பொருள் மாறவில்லை. "அப்படீங்களா" என்றார். பிறகு, மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று போனார். அப்போது கரண்டே இல்லை. மோட்டார் ரூம் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்காக, என் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்று செய்த வேலை அது.

சிக்னல் தண்ணீர்த் தொட்டியின் மேல் மட்டும்தான் கிடைக்கும் என்றார்கள். ஏறினேன். நான் போனில் சொல்லி முடித்ததும் தலைவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பெற்றோர்களின் வால்துண்டுகள் நம் குளிர்பெட்டியில்தானே இருக்கின்றன?

இருந்தன. குஞ்சு பொரிக்க வைத்தபோதே ஆறு தாய், ஆறு தகப்பன் வால்களும் பினாங்குக்கு வந்துவிட்டன. டிஎன்ஏ வரியில் சில இடங்களில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை திரும்புகிறது என்பது மீனுக்கு மீன் மாறும். பிள்ளை அதில் ஒரு பாதியைத் தாயிடமும் ஒரு பாதியைத் தகப்பனிடமும் வாங்கிக்கொள்கிறது. அதை வைத்து ஒவ்வொரு மீனையும் அதன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம். வேலை பல மடங்கு கூடும், அவ்வளவுதான். எல்லாவற்றையும் கொண்டு வா, ஒவ்வொரு மீனுக்கும் ஒரு நம்பர் போட்டுவிடு, நாளை எது எது என்று தெரிய வேண்டும் என்றார் தலைவர். தொட்டியிலிருந்து இறங்கி வந்து இதைச் சொன்னேன். சென்னியப்பன் என்னைக் கும்பிட்டார். சரஸ்வதி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நம்பர் போட என்னிடம் ஒன்றுமில்லை. நான் கொண்டுவந்தது ஆறு கூண்டுக்கு ஆறு அட்டை. சென்னியப்பன் யோசிக்கவே இல்லை. மறுநாள் காலை செக்கிங் பெண்களோடு டேக் கன்களும் வந்து இறங்கின. பனியனில் விலைச்சீட்டை பிளாஸ்டிக் நரம்பால் குத்தி மாட்டுகிற சின்னத் துப்பாக்கி அது. பெரிய மீன் பண்ணைகளுக்கு இதே மாதிரிக் கருவியைத்தான் அதிக விலைக்கு விற்கிறார்கள். சீட்டு தண்ணீரில் ஊறிவிடாதா என்று கேட்டேன். காகிதம் எதற்கு, துவைக்கும் முறை அச்சடித்துக் கழுத்துக்குள் தைக்கிற சாட்டின் துண்டு இருக்கிறதே என்றார். அதன் பின்பக்கம் அழியாத மையில் நம்பர் போட்டு, முதுகுத் துடுப்புக்குக் கீழே குத்தினோம். குண்டடத்துக் குட்டையில் ஒவ்வொரு மீனும் குளிர்ந்த நீரில் மட்டும் துவைக்கவும், அயர்ன் செய்யக் கூடாது என்ற ஆங்கில எச்சரிக்கையோடு நீந்தத் தொடங்கியது.

வேலை மளமளவென்று நடந்தது. ஒருத்தி மீனைப் பிடிப்பாள், ஒருத்தி சைஸைக் கூவுவாள், ஒருத்தி குத்துவாள், நான் வாலில் வெட்டுவேன், ஒருத்தி குப்பியில் போட்டு மூடுவாள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் இந்த வேகத்தை நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு மேஸ்திரி மாதிரி இருந்தவள் ஜெபமலர். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர். கல்யாணமாகித் திருப்பூர் வந்தவள், புருஷன் நிட்டிங்கில் இருக்கிறான். மீனைக் கையில் பிடித்தால் துள்ளாமல் கிடப்பது அவளிடம் மட்டும்தான்.

மத்தியானத்துக்குப் பிறகு எனக்கு ஏதோ உறுத்தியது. மீன்கள் எல்லாமே அழகாக இருந்தன. ஒரு முதுகுகூடக் கோணவில்லை. ஒரு வால்கூடக் கிழிந்திருக்கவில்லை. உப்புத் தண்ணீரில் வளர்ந்த மீன் கூட்டத்தில் இப்படி இருக்கவே முடியாது. நோஞ்சான்கள் எங்கே என்று கேட்டேன்.

"அதெல்லாம் சனிக்கிழமையே எடுத்தாச்சுல்லாக்கா. செகண்ட்ஸோட சேத்து வெச்சா ஐயா வையமாட்டாவளா?" என்றாள் ஜெபமலர்.

செகண்ட்ஸ் எடுப்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கண்ணில் பட்டால் கை தானாக எடுத்துவிடும் என்றார்கள் மற்ற பெண்கள். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். சைஸ் பிரித்ததை டிஎன்ஏவால் சரி பண்ணலாம். இல்லாத மீனை அதனால் ஒன்றும் பண்ண முடியாது. உப்பில் நலிந்தும் உயிரோடு இருந்த மீன்கள் எந்தக் குடும்பம் என்று தெரியாவிட்டால், எந்தக் குடும்பத்தில் எத்தனை பிழைத்தன என்பதே தப்பாகப் போய்விடும். கணக்கிலிருந்து எதை விட்டாலும் அதை மட்டும் விடக் கூடாது. இதை நான் சொல்லும்போது சரஸ்வதி வரப்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டார். அந்தக் குரலில் சந்தோஷம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை.

தூக்கி எறிந்துவிட்டீர்களா என்று ஜெபமலரைக் கேட்டேன். அவள் சென்னியப்பனைப் பார்த்தாள். செகண்ட்ஸை யாராவது எறிவார்களா என்றாள். பெண்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கச் சொல்லி ஐயாதான் சொன்னாராம். ஆனால் புரட்டாசியில், அதுவும் சனிக்கிழமையில், ஒருத்தியும் தொடவில்லை. செக்‌ஷனில் சர்ச்சுக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். அத்தனையும் அவள் தலையில் வந்து விழுந்தது.

"அத்தனையும் சாப்பிட்டுவிட்டாயா?"

"ஒரு குடும்பம் தின்னு தீர்க்கிற மீனாக்கா அது? முள்ளுதான் இருக்கு. உப்புப் போட்டுக் கருவாடு காய வெச்சிருக்கேன்."

இதைக் கேட்டு ஒரு மரபணு ஆய்வாளர் அழக் கூடாது. நான் அழுதேன். உப்பில் உலர்ந்த வாலில் டிஎன்ஏ கெடாமல் கிடக்கும். கூண்டுகளை மூடிவிட்டு அப்படியே எல்லோரும் பச்சை வேனில் ஏறினோம். பல்லடத்தில் வழக்கம்போலக் கோழி லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். இந்தத் தடவை சரஸ்வதி எண்ணவில்லை. அந்த லாரிய முந்துடா என்று டிரைவரை விரட்டினார்.

ஜெபமலர் இருப்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில். மொட்டை மாடியில் பனியன் வெட்டிய கழிவுத் துணியை விரித்து, அதன் மேல் மீன்களைப் பரப்பியிருந்தாள். கோணல் முதுகு, குட்டை உடம்பு, ஒற்றைக் கண். நான் தேடிய கூட்டம் முழுவதும் வெயிலில் படுத்திருந்தது. ஒரு மூலையை மட்டும் பூனை பார்த்திருந்தது. வாலை வெட்டப் போனேன். ஜெபமலர் கையை நீட்டித் தடுத்தாள்.

"எக்கா, இது ஊர்ல மாமியாருக்குக் குடுத்துவுடப்போற கருவாடு. வாலில்லாமக் குடுத்தா, நான் தின்னுட்டு மிச்சத்த அனுப்பிச்சேன்னு சொல்லுவாவ."

நியாயமான கவலை. வாலின் ஓரத்தில் ஒரு நறுக்கு மட்டும் எடுத்துக்கொள்வது, வால் வடிவம் மாறக் கூடாது என்று ஒப்பந்தமானது. சென்னியப்பன் விரதத்துக்குப் பங்கமில்லாமல், பனியன் துணியால் கருவாட்டைப் பிடித்து ஒவ்வொன்றாக என்னிடம் நீட்டினார். சரஸ்வதி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு மாடிப்படியில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அருகே வந்து, ஒரு கையால் மூக்கையும் ஒரு கையால் குப்பிப் பெட்டியையும் பிடித்துக்கொண்டார். இருட்டுவதற்குள் முடித்தோம். ஜெபமலர் எல்லோருக்கும் கறுப்புக் காப்பி கொடுத்தாள். இந்தப் பயணத்தில் நான் குடித்தவற்றில் அதுதான் நல்ல காப்பி. அதில் கருவாட்டு வாசனை இருந்ததென்று சரஸ்வதி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

மறுநாள் நான் கிளம்பினேன். விமான நிலையத்தில் என் பையைத் திறந்தவர், இது என்ன என்றார். மீன் வால் என்றேன். காகிதங்களைப் பார்த்தார், குப்பிகளைப் பார்த்தார், முகர்ந்தார், உடனே மூடினார். அனுமதி என்பது சில சமயம் அப்படித்தான் கிடைக்கிறது.

பினாங்கில் எங்கள் இயந்திரம் பழுதானது. உதிரிப்பாகம் வரக் காத்திருந்தோம். தீபாவளி போயிற்று, கிறிஸ்துமஸ் போயிற்று. தையும் பிறந்துவிட்டது. ராத்திரி படுத்தால் குட்டையில் மண் விழுகிற நினைப்பாகவே இருந்தது. கடைசியில் ஒரு நாள் எல்லா மீனும் தத்தம் பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தன. கருவாட்டை விட்டுவிட்டுப் பார்த்தால் நாலாவது குடும்பம் கடைசி. இருப்பதிலேயே ஆள் குறைந்த குடும்பம். கருவாட்டைச் சேர்த்துப் பார்த்தால் முதல். மற்றக் குடும்பங்களில் நலிந்தவை எல்லாம் உப்பில் செத்து, தடித்தவை மட்டும் மிஞ்சியிருந்தன. நாலாவதில் நலிந்ததும்கூடச் சாகவில்லை. சாகாமல் இருந்த குற்றத்துக்காக அவற்றைச் செக்கிங்கில் பொறுக்கி எடுத்திருந்தார்கள். அந்தக் குணம் டிஎன்ஏ வரியில் எங்கே இருக்கிறது என்பதும் கிடைத்துவிட்டது. தலைவர் எல்லோருக்கும் எங்கள் ஊர்க் கோப்பி வாங்கிக் கொடுத்தார். நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

எடுத்தது சரஸ்வதி. குரலில் பழைய வேகம் இல்லை. எக்ஸ்எல்லும் லார்ஜும் தீபாவளிக்குப் போய்விட்டதாம். மீடியம் கிறிஸ்துமஸுக்குப் போய்விட்டதாம். தவணை முடிந்துவிட்டது, வாக்கு வாக்குதானே என்றார். கோழிக் கம்பெனிக்காரர் நாளைக்கு அளவு போட வருகிறாராம்.

எதுவுமே மிச்சமில்லையா என்று கேட்டேன்.

"ஸ்மால் கூண்டு மட்டுந்தானுங் கண்ணு இருக்குது. அதை ஆருமே வாங்கலை. தண்ணிய எறைக்கறப்ப எடுத்துக் கெணத்துல விட்டுரலாம்னு இருக்கறோம்."

பட்டியலை எடுத்தேன். நாலாவது குடும்பத்தில் உயிரோடு இருந்தவற்றின் நம்பர்களைப் பார்த்தேன். ஒன்று தவறாமல் எல்லாமே ஸ்மால். குண்டடத்துக்குப் போங்கள், வலையைக் கொண்டு போங்கள், போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுங்கள் என்று கத்தினேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் அந்த நடைபாதையில் கத்தியதில்லை.

அன்று சாயங்காலமே கூப்பிட்டார்கள். தண்ணீர்த் தொட்டி மேல் நிற்கிறார்கள் என்பது காற்றுச் சத்தத்திலேயே தெரிந்தது. கீழே செக்கிங் பெண்கள் நம்பரைக் கூவ, மேலே சரஸ்வதி எனக்குத் திருப்பிச் சொன்னார். நான் ஆமாம், இல்லை என்று சொன்னேன். ஆணும் பெண்ணுமாக ஒரு குடும்பம் பெருக்கப் போதுமான அளவு இருந்தது. கடைசி நம்பரையும் குறித்துக்கொண்டேன்.

"கோழிக்காரரை வேற எடம் பாத்துக்கச் சொல்லிப்போடறேன் கண்ணு" என்றார் சரஸ்வதி.

பிறகு சென்னியப்பன் போனை வாங்கினார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து, பரவாயில்லை என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்தச் சனிக்கிழமை பொறுக்கிப் போட்ட செகண்ட்ஸ் எல்லாம் இந்த நாலாவது குடும்பந்தானா என்று கேட்டார். கிட்டத்தட்ட எல்லாமே என்றேன்.

"செக்கிங் புள்ளைங்ககிட்டச் சொல்லிப்போடாதீங்க மேடம்" என்றார். "ரொம்பப் பொறுப்பாத்தான் பாத்துதுங்க."